யாரை உட்கார வைக்கிறார்கள்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. நாம் ஓட்டுப் போடுவது ஒருவருக்கு. ரேஷன் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் நம் கண்முன் இருப்பவர், அவரோ அவர் ஆட்களோ நியமித்த இன்னொருவர். அந்த இன்னொருவர் வேலை தெரிந்தவரா என்று யார் பார்ப்பது? ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் 31 வருடம் வேலை பார்த்தவள் நான். இந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்த கேள்வி. அதனால் மற்ற கடிதங்களை அடுத்த இதழுக்கு எடுத்து வைத்துவிட்டேன்.

மன்னார்குடியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்: தலைவர் நேர்மையானவரா, மக்கள்மேல் அக்கறை உள்ளவரா என்று பார்த்து ஓட்டுப் போட்டால் போதாதா? அவர் எந்தத் துறைக்கு யாரைப் போடுகிறார் என்பதையெல்லாம் சாதாரண வாக்காளர் எப்படிப் பார்க்க முடியும்?

போதாது ஐயா. இதற்கு என் வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், நெல் விளைகிற பூமி. அங்கேயே 1966-ல் அரிசிக்குத் தட்டுப்பாடு. எனக்கு ஒன்பது வயது. ராத்திரிக்குக் கம்பங்களி, விருந்தாளி வந்தால் மட்டும் நெல்லுச்சோறு. அம்மா அரிசியைப் படியில் அளக்காமல் கைப்பிடியில் அளந்து போட்டது இன்றும் கண்ணில் நிற்கிறது.

1967 பிப்ரவரியில் தேர்தல் வந்தது. எங்கள் நாடாளுமன்றத் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளர் சி.சுப்பிரமணியம். பொள்ளாச்சிப் பக்கத்து செங்குட்டைப்பாளையத்துக்காரர், மத்திய உணவு, விவசாய அமைச்சர். நாட்டுக்கே சோற்றுக்குப் பொறுப்பானவர் ஓட்டுக் கேட்டு வருகிறார், வீட்டுப் பானையில் அரிசி இல்லை. அப்பா அதுவரை காங்கிரஸ்காரர். அந்த முறை உதயசூரியனுக்குப் போட்டார். ‘ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்’ என்ற வாக்குறுதி அவரைத் தொட்டது. இந்தித் திணிப்பின்மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. அதே கோபத்தில்தான் 1965 பிப்ரவரியில் சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் மத்திய அமைச்சர் பதவியை ராஜினாமா செய்து கடிதம் கொடுத்தார்கள். அது அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் மனசு இறங்கவில்லை. சுப்பிரமணியம் தோற்றார். விருதுநகரில் காமராஜரும் தோற்றார்.

அப்பாவுக்கும் ஊருக்கும் தெரியாமல் போனது, அந்த மனிதர் டெல்லியில் இரண்டரை வருடமாக என்ன செய்துகொண்டிருந்தார் என்பது.

1964 ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமரானபோது உணவுத்துறை யாரும் ஆசைப்பட்டுக் கேட்கிற துறை அல்ல. அமெரிக்காவிலிருந்து பி.எல்.480 என்ற உணவு உதவித் திட்டத்துக் கோதுமைக் கப்பல் வந்தால்தான் ரேஷன் கடை திறக்கும் என்ற நிலை. அதுவரை எஃகுத் துறையைக் கவனித்துவந்த சுப்பிரமணியத்தை சாஸ்திரி அங்கே அமர்த்தினார். அவர் படித்தது இயற்பியலும் சட்டமும். விவசாயத்தில் பட்டம் கிடையாது. ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமையில் அதுவரை நிர்வாக அதிகாரிகள்தான் இருந்தார்கள். 1965-ல் முதல்முறையாக ஒரு விஞ்ஞானியை, கோதுமை ஆராய்ச்சியில் ஊறிய பி.பி.பாலை, தலைமை இயக்குநராக உட்கார வைத்தார். துறைச் செயலாளராக பி.சிவராமன் வந்தார். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் போன்றவர்கள் சொன்னதை அமைச்சர் உட்கார்ந்து கேட்டார். இந்திய உணவுக் கழகமும் அதே 1965-ல் வந்ததுதான். அதன் முதல் மாவட்ட அலுவலகம் உங்களுக்குப் பக்கத்தில், தஞ்சாவூரில் திறந்தது.

1966-ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டைரகக் கோதுமை விதையை இறக்குமதி செய்தார்கள். அந்நியச் செலாவணி இல்லாத காலத்தில் விதைக்கு இவ்வளவா என்று கேட்டவர்கள் உண்டு. விவசாயிக்குக் கூடுதல் விலை தரவேண்டும் என்று அவர் சொன்னதற்கு அமைச்சரவைக்குள்ளேயே, நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரியிடமிருந்தே எதிர்ப்பு வந்தது. இடதுசாரிகள் அமெரிக்காவுக்கு நாட்டை அடகு வைக்கிறார் என்றார்கள். சாஸ்திரி தன் அமைச்சரைக் கைவிடவில்லை. சாஸ்திரி 1966 ஜனவரியில் இறந்தபிறகு வந்த இந்திரா காந்தியும் அவரை மாற்றவில்லை. சுப்பிரமணியம் டெல்லியில் தான் குடியிருந்த அரசு பங்களாவின் புல்வெளியை உழுது அந்தக் கோதுமையை விதைத்துக் காட்டினார்.

அவர் தோற்று ஒரு வருடம் கழித்து விளைச்சல் வந்தது. 1964-65-ல் 1 கோடியே 23 லட்சம் டன்னாக இருந்த கோதுமை, 1967-68-ல் 1 கோடியே 65 லட்சம் டன். 1968 ஜூலையில் இந்திரா காந்தி ‘கோதுமைப் புரட்சி’ என்று தபால்தலை வெளியிட்டார். அப்போது சுப்பிரமணியம் எம்.பி.கூட இல்லை.

எங்கள் வயலிலும் புதுரகம் வந்தது. ஐ.ஆர்.8 நெல். அப்பா முதல்போகத்தில் பாதி வயலில்தான் நட்டார், பயம். அடுத்த போகத்தில் முழுசாக நட்டார். இந்த மாற்றத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், தான் தோற்கடித்த அந்த வேட்பாளர் என்பது அவருக்கு 1985 வாக்கில்தான் தெரிந்தது. எங்கள் அலுவலகத்து வேளாண் விரிவாக்க அலுவலர் எனக்குச் சொன்னார், நான் அப்பாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அப்பா சொன்னார்: “இதையெல்லாம் அன்னைக்கே ஒருத்தராச்சும் வந்து சொல்லியிருந்தா, என் ஓட்டு மாறியிருக்குமான்னு தெரியலை கண்ணு. பசி பசிதான். ஆனா நாலு கேள்வி கேட்டிருப்பேன்.”

அப்பா தப்பாக ஓட்டுப் போட்டார் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது, நாளைக்கு விளையும் என்று சொல்லி யாரும் ஓட்டு வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. நான் கேட்பதெல்லாம் அந்த நாலு கேள்வியைத்தான். இந்தத் துறைக்கு யாரைப் போட்டீர்கள்? அவர் இதற்கு முன்னால் என்ன செய்தவர்? அவர் முடியாது என்று சொன்னால் நீங்கள் கேட்பீர்களா? நாலு பேர் அவரை எதிர்த்தால் அவர் பக்கம் நிற்பீர்களா? இதைக் கேட்க வாக்காளர் விவசாய விஞ்ஞானியாகவோ பொருளாதாரம் படித்தவராகவோ இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குக் கொத்தனார் வைக்கும்போது நாம் கேட்காத கேள்வியா இது?

சேலத்திலிருந்து ஒரு வாசகி: ஒரு குமாஸ்தா வேலைக்குக்கூடத் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். அமைச்சருக்கு எந்தப் படிப்பும் வேண்டாமா? சட்டம் கொண்டுவந்தால் என்ன?

அரசியல் சட்டம் அமைச்சருக்கு எந்தப் படிப்பும் கேட்கவில்லை. சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ உறுப்பினராக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குள் ஆகவேண்டும், அவ்வளவுதான். எத்தனை பேர் என்பதற்குத்தான் 2003-ல் வந்த 91-ஆவது திருத்தம் ஒரு கணக்குப் போட்டது: சபையின் பலத்தில் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது. 234 பேர் உள்ள நம் சட்டமன்றத்துக்கு முதல்வரையும் சேர்த்து 35 பேர்.

படிப்பைச் சட்டமாக்குவதை நான் ஆதரிக்கமாட்டேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட காமராஜர் அந்தச் சட்டம் இருந்திருந்தால் உள்ளேயே வந்திருக்க முடியாது. 1954-ல் அவர் முதல்வரானபோது அமைச்சரவையில் அவரையும் சேர்த்து மொத்தமே எட்டுப் பேர். சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் தன்னை எதிர்த்துப் போட்டியிட்ட சி.சுப்பிரமணியம் அதில் ஒருவர். சுப்பிரமணியத்தின் பெயரை முன்மொழிந்த பக்தவத்சலம் இன்னொருவர். தன்னை எதிர்த்தவரிடமே நிதியையும் கல்வியையும் கொடுத்தார். பொதுக்கல்வி இயக்குநராக நெ.து.சுந்தரவடிவேலு அமர்த்தப்பட்டார். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த, பள்ளி ஆய்வாளராக ஊர் ஊராகச் சுற்றிய மனிதர். 1956-ல் மதிய உணவு தொடங்கியபோதும், ஊர்க்காரர்களே பள்ளிக்கு நாற்காலியும் கரும்பலகையும் மணியும் வாங்கித் தந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளிலும், காமராஜரின் ஆசைக்குக் கையும் காலுமாக இருந்தவர் அவர்.

எனக்கு அம்மா சொல்லித்தான் இது தெரியும். அவர் ஊர்ப் பள்ளிக்கு அப்படி ஒரு மாநாட்டில்தான் பெஞ்சு வந்ததாம். அதுவரை மணலில் உட்கார்ந்து எழுதினார்கள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு பொறியாளர்: இடைத்தரகர் எதற்கு? நிபுணர்களையே நேரடியாகத் தேர்தலில் நிறுத்தி ஜெயிக்க வைத்தால் என்ன?

நிறுத்திப் பார்த்திருக்கிறார்கள், தம்பி. 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சிதைந்தபோது 46 நாளில் அதைச் சரிசெய்தவர் ஈ.ஸ்ரீதரன். கொங்கண் ரயில்பாதையும் டெல்லி மெட்ரோவும் அவர் தலைமையில் வந்தவை. 2021-ல் பாலக்காட்டில் சட்டமன்றத் தேர்தலில் நின்றார். 3,859 ஓட்டில் தோற்றார். மன்மோகன் சிங் 1999-ல் தெற்கு டெல்லியில் மக்களவைக்கு நின்றார், அவரும் தோற்றார்.

இதில் வாக்காளர்மேல் குறை சொல்ல எதுவும் இல்லை. தொகுதிக்காரர் தேடுவது தன் குரலாகப் போய்ப் பேசுகிற ஆளை. எந்தக் கட்சி, எந்தப் பக்கம் என்றும் பார்ப்பார். பாலம் கட்டத் தெரிந்தவரைத் தேடிப் பிடிப்பது தலைவருடைய வேலை.

1991 ஜூனில் நரசிம்ம ராவ் அந்த வேலையைச் செய்தார். பெரும்பான்மை இல்லாத அரசு, சில வாரத்து இறக்குமதிக்கு மட்டுமே அந்நியச் செலாவணி. கட்சியில் நிதியமைச்சர் பதவிக்கு ஆசைப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. அவர் முதலில் பொருளாதார நிபுணர் ஐ.ஜி.படேலைக் கேட்டார், படேல் மறுத்துவிட்டார். அப்புறம் மன்மோகன் சிங்கை அழைத்தார். ரிசர்வ் வங்கி ஆளுநராக இருந்தவர், அப்போது பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர், எந்தச் சபையிலும் உறுப்பினர் கிடையாது. ஜூலை மாதத்தில் ரூபாய் மதிப்பைக் குறைத்தார்கள், 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கிக்குப் போனது, 24-ஆம் தேதி பட்ஜெட் வந்தது. உரவிலையை 40 சதவீதம் ஏற்றியதைச் சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்க்க, 30 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பத்தும் விவசாயிக்குக் கிடைத்தது சபையில் சத்தம் போட்ட எம்.பி.க்களால்தான். ஆக, நிபுணரும் வேண்டும், அவரைக் கேள்வி கேட்கிற பிரதிநிதியும் வேண்டும். ஒருவரை இன்னொருவர் இடத்தில் வைத்தால் இரண்டு வேலையும் நடக்காது.

இலங்கை வவுனியாவிலிருந்து ஒரு விவசாயி: அக்கா, 2019-ல் கோட்டாபயவுக்கு 69 லட்சம் பேர் போட்ட வாக்கு. எங்கட சனம் பெரும்பாலும் மற்றப் பக்கம்தான் போட்டது. ஆனால் உரத்தடையிலும் எரிபொருள் வரிசையிலும் நாங்களும்தானே அழிந்தோம்? தகுதி இல்லாதவர்களை நியமித்ததற்கு யார் பொறுப்பு?

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன், தம்பி. 2021 பெரும்போகத்தில் உரம் இல்லாமல் பயிர் மஞ்சளாக நின்றதை எழுதியிருந்தீர்கள். அந்த வலி எனக்குத் தெரியும், நானும் வயல்காட்டில் வளர்ந்தவள்.

நடந்ததை வரிசையாகப் பார்த்தால், நியமனமும் முடிவும் எப்படிச் சேர்ந்தே போகின்றன என்று தெரியும். அப்போது கோட்டாபய ராஜபக்ச ஜனாதிபதி. அண்ணன் மகிந்த பிரதமர். இன்னோர் அண்ணன் சமல் நீர்ப்பாசன அமைச்சர். தம்பி பசில் 2021 ஜூலையில் நிதியமைச்சர். மகிந்தவின் மகன் நாமல் விளையாட்டுத்துறை அமைச்சர். ஒரே வீட்டு மேசையில் நாடு. 2019 முடிவில் மதிப்புக்கூட்டு வரியை 15-லிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார்கள், வருமானம் சரிந்தது. 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதிக்குத் தடை. ஒரே போகத்தில் நாடு முழுவதையும் இயற்கை உரத்துக்கு மாற்ற முடியாது என்று பேராதனைப் பல்கலைக்கழக வேளாண் பேராசிரியர்கள் எச்சரித்தார்கள். கேட்கவேண்டியவர்கள் கேட்கவில்லை. நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போகத்து நாற்று ஏற்கெனவே வயலில் இருந்தது. 2022 ஏப்ரல் 12-ல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தரமுடியாது என்று அரசு அறிவித்தது.

யார் பொறுப்பு என்று கேட்டீர்கள். இதற்கு உங்கள் நாட்டு உச்ச நீதிமன்றமே 2023 நவம்பர் 14-ல் பதில் சொல்லியிருக்கிறது. கோட்டாபய, மகிந்த, பசில், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்கள் இருவர், மேல்மட்ட அதிகாரிகள் என்று பெயர் சொல்லி, பொதுமக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள் என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்களில் ஒரு நீச்சல் வீரரும் இருந்தார். நியமித்தவர், நியமிக்கப்பட்டவர் இருவரையும் ஒன்றாக நிறுத்திய தீர்ப்பு என்பதால் எனக்கு அது முக்கியம். மேலே இருப்பவர் சொன்னார், நான் செய்தேன் என்று ஓர் ஆளுநரோ செயலாளரோ ஒதுங்க முடியாது என்று அது சொல்கிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே கோட்டாபய, எல்லாம் கைமீறிய பிறகு, நந்தலால் வீரசிங்கவை அழைத்து மத்திய வங்கி ஆளுநராக்கினார். அதே வங்கியில் மூத்த துணை ஆளுநராக இருந்தவர். பொறுப்பேற்ற மறுநாள், 2022 ஏப்ரல் 8 அன்று, வட்டி வீதத்தை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி ஏற்றினார். அது எத்தனை சிறு கடைக்காரரையும் கடன் வாங்கிய விவசாயியையும் நெரித்தது என்று உங்களுக்குத்தான் தெரியும், நான் அதை லேசாகச் சொல்லவில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் 70 சதவீதத்தைத் தொட்ட பணவீக்கம் அடுத்த செப்டம்பரில் 1.3 ஆக இறங்கியது. கோட்டாபய போனார், ரணில் விக்கிரமசிங்க வந்தார், அநுர குமார திசாநாயக்க வந்தார். மூவர் காலத்திலும் அவர் அந்த நாற்காலியில் இருந்தார். கட்சி மாறினாலும் வேலை தெரிந்தவரை மாற்றக்கூடாது என்று தெரிந்துகொள்ள, ஒரு நாடு இவ்வளவு பட்டிருக்க வேண்டாம் தம்பி.

பெயர் வேண்டாம் என்று எழுதிய ஓர் இளம்பெண்: சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். எல்லாத் தகுதியும் இருக்கிறது. ‘யார் லெட்டர் கொண்டு வந்திருக்கே?’ என்று வெளியே ஒருவர் கேட்டார். இப்படி வேலை வாங்குகிறவர்களால் என்ன பெரிய கேடு வந்துவிடும் என்று என் வீட்டிலேயே சொல்கிறார்கள்.

என்ன கேடு வரும் என்று நான் கண்ணால் பார்த்தேன், அம்மிணி.

நான் வேலை பார்த்த ஓர் ஊரில் ஒரு மையத்துக்கு இரண்டு பேர் விண்ணப்பம் போட்டிருந்தார்கள். ஒருவர் கணவரை இழந்தவர், அதே தெரு, மளிகைக்கடையில் கணக்கு எழுதிப் பழகியவர். இன்னொருவருக்கு ஒரு கடிதம் இருந்தது. கடிதம் வந்தவருக்கு வேலை போனது. அந்தக் கோப்பை மேசையிலிருந்து மேசைக்கு நகர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. குறிப்பு எழுதி, சுருக்கொப்பம் போட்டேன். எழுந்து நின்று இது சரியில்லை என்று சொல்லவில்லை. அதை நினைத்தால் இன்றும் மனது கனக்கிறது.

ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. இருப்புப் பதிவேட்டில் அரிசி இருக்கும், மூட்டையில் இருக்காது. வராத பிள்ளைகளுக்கும் வருகை போட்டிருக்கும். பருப்பு தண்ணீராக இருக்கும். முட்டை போடவேண்டிய நாளில் பாதிப் பிள்ளைக்குத்தான் முட்டை. அந்த மையம் ஓடியதே சமையல்காரம்மாவால்தான். கையெழுத்து மட்டுமே தெரிந்த அவர், எந்தப் பிள்ளை எந்த வீடு, யார் காலையில் சாப்பிடாமல் வருகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்வார். வேலை கிடைக்காத அந்தப் பெண் திருப்பூருக்குப் போய் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்த்தார். சில வருடத்தில் நாற்பது பேருக்குச் சம்பளம் போடுகிற பொறுப்பு அவர் கையில்.

அடுத்த தேர்தலில் கடிதம் கொடுத்தவர் அந்தத் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். சமையல்காரம்மா மட்டும் முன்னால் வந்து, “எங்க புள்ளைகளுக்குச் சோறு போட யாரைங்க வெச்சீங்க?” என்று கேட்டார். சத்தமாகக்கூடக் கேட்கவில்லை. அவரிடம் பதில் இல்லை. என் வேலைக்காலம் முழுவதும் எத்தனையோ தேர்தல் பணி பார்த்திருக்கிறேன், வாக்காளர் ஒருவர் அதைவிடச் சரியான கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை.

நீங்கள் அடுத்த நேர்காணலுக்கும் போங்கள். வேலை கிடைக்காவிட்டால், எந்த அடிப்படையில் தேர்வு நடந்தது, மதிப்பெண் பட்டியல் என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள். முப்பது நாளில் பதில் தரவேண்டும். வீட்டில் சொல்வதைக் கேட்டுக் கோப்பை மூடிவிடாதீர்கள்.

திருச்சியிலிருந்து ஒரு போட்டித்தேர்வு மாணவர்: நியமனத்தை எதிர்த்து நீதிமன்றம் போனால் ஏதாவது நடக்குமா?

நடந்திருக்கிறது. நீங்கள் தேர்வு எழுதும் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்துக்கே 2016 ஜனவரியில் 11 உறுப்பினர்களை நியமித்தார்கள். முறையான ஆய்வு இல்லை, வெளிப்படையான தேர்வு இல்லை என்று வழக்கு வந்தது. அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் 11 நியமனங்களையும் ரத்து செய்தது. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. லட்சக்கணக்கான பிள்ளைகளின் தகுதியை அளக்கிற இடத்தில் உட்காருபவரின் தகுதியை முதலில் அளக்கவேண்டும் அல்லவா? நீங்கள் அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள், தேர்வுக்கும் உதவும்.

கரூரிலிருந்து ஒருவர்: காசு வாங்கிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவர்களுக்கு இதெல்லாம் புரியுமா?

புரியும். அவர்களை இவ்வளவு தாழ்வாக நினைக்காதீர்கள். 2017-ல் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலும் 2019-ல் வேலூர் மக்களவைத் தேர்தலும் பணப் புகாரால் ரத்தானவை. பணத்தைக் கொட்டியவர்கள் வேட்பாளர்கள். போட்ட பணத்தை அவர்கள் எங்கே எடுப்பார்கள்? ஒப்பந்தத்திலும் பணியிட மாறுதலிலும் நியமனத்திலும்தான். அதை வாக்காளரிடம் கணக்காக எடுத்துச் சொல்லுங்கள், திட்டாமல் சொல்லுங்கள், கேட்பார்கள்.

உத்திரமேரூர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: அம்மா, உத்திரமேரூர்க் குடவோலைக் கல்வெட்டை எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். அதில் இன்றைக்கு எடுத்துக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. விட்டுவிட வேண்டியதும் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆண்டுகளில் வெட்டியவை அவை. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-லிருந்து 70-க்குள் வயது, வேதப் பயிற்சி என்று தகுதி வைத்தார்கள். அது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊரின் சபை. அந்த ஊரில் உழுதவரும் பெண்களும் அதில் கிடையாது. அந்தக் கதவு இன்று எல்லோருக்கும் திறந்திருப்பதை நான் எந்தக் கல்வெட்டுக்கும் விட்டுத் தரமாட்டேன்.

ஆனால் இரண்டு விதிகளைப் பார். வாரியத்தில், அதாவது ஊர் வேலையைப் பார்க்கும் குழுவில், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி பதவிக்கு வரமுடியாது, அவர் உறவினரும் வரமுடியாது. அப்புறம், ஆண்டு வாரியத்துக்குப் போகிறவர்களை, முன்பு தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் வேலை செய்தவர்களிலிருந்து எடுத்தார்கள். ஏரியைப் பார்த்துக்கொண்டவர்தான் ஊரைப் பார்க்கலாம்.

வரும் அக்டோபர் 2 கிராம சபைக்கு நீ போ. தோழிகளையும் கூட்டிக்கொண்டு போ. நான்கைந்து பேர் சேர்ந்து நின்றால் கேட்பது சுலபம். உங்கள் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டி இயக்குபவர், தூய்மைக் காவலர்கள், ஊரக வேலைத் திட்டத்தின் பணித்தளப் பொறுப்பாளர் ஆகியோர் யார் யார், எப்போது, எந்த முறையில் எடுத்தார்கள் என்று கேள். தொட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதி என்ன என்றும் கேள், அது தொட்டியிலேயே எழுதியிருக்க வேண்டும். வாயால் சொல்லிவிட்டுப் போகவிடாதே. கேள்வியையும் பதிலையும் தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடு. என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுது, அடுத்த இதழில் போடுகிறேன்.